தாழங்காட்டு மேடு

திரையில் அந்த மேடு இன்னும் இருந்தது. லோசனி கண்ணை ஒரு தரம் இறுக மூடித் திறந்தாள், இருந்தது, கறுப்பும் வெள்ளையுமாக அடுக்கடுக்காக ஓடுகிற கோடுகள் இடது ஓரத்திலிருந்து சலனமில்லாமல் வந்து, நடுவில் மெல்ல எழும்பி, கவிழ்த்து வைத்த சட்டியின் முதுகு மாதிரி வளைந்து, மறுபடி இறங்கி வலது ஓரத்துக்குப் போயின. பக்கத்து மேஜை ஃபாரூக் டப்பாவைத் திறந்து வேர்க்கடலை தின்கிற சத்தம் கேட்டது, கடலை வாசனை ஏ.சி. குளிரில் வந்து மூக்கில் நின்றது, வெயில் திரையில் விழக்கூடாதென்று ஜன்னலை மூடி வைத்திருந்ததால் வெளியே மத்தியானமா சாயங்காலமா என்றே தெரியவில்லை. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிற ஊர் தாழங்காடு. அதன் வயல்களிலும் உப்பளங்களிலும் குழி போட்டு, குழிக்குள் வெடி வைத்து, அந்தச் சத்தம் பூமிக்குள் இறங்கி ஒவ்வொரு பாறை அடுக்கிலும் பட்டுத் திரும்பி வருவதை வரிசையாக நட்ட கருவிகளால் கேட்டு, கேட்டதையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இப்படித் திரையில் வரும். பார்க்கிறவர்கள் இதைப் பூமியை வெட்டிக் காட்டிய படம் என்று நினைத்துவிடுகிறார்கள், படம் இல்லை, சத்தம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆனது என்கிற கணக்குத்தான், சீக்கிரம் திரும்பினால் மேலே இருப்பது போலத் தெரியும், தாமதித்தால் ஆழத்தில் இருப்பது போலத் தெரியும், வேலைக்குச் சேர்கிற ஒவ்வொருவரிடமும் லோசனி முதல் நாளே இதைச் சொல்லிவிடுவாள், நேரத்தை ஆழம் என்று நம்பாதீர்கள் என்று, சொல்லும்போது அவள் குரல் அவளுடையதாக இருக்காது, அவள் கணவருடையதாக இருக்கும், அந்த வாக்கியமே அவருடையதுதான். இந்த மாதிரி மேட்டின் உச்சியில்தான் எண்ணெய் போய் ஒதுங்கும். இந்த மேடு அவளுடைய கணவர் அறவாழி கண்டது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. மேட்டை மட்டும் இங்கே விட்டுவிட்டுப் போயிருந்தார். அது மெய்யா பொய்யா என்று சொல்ல இன்று அவளை உட்காரவைத்திருக்கிறார்கள், சாயங்காலம் மீட்டிங், எண்ணெய்க் கிணறு தோண்டக் கையெழுத்துப் போடுகிற துரைராஜ் சார் வருவார், வந்து அந்தக் கோடியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அறவாழி இந்த மேட்டை எல்லோருக்கும் காட்டிய அன்றைக்கும் அப்படித்தான் துடைத்தார்.

அன்றைக்கு அவளும் அந்த அறையில் இருந்தாள், கடைசி நாற்காலியில், கணவன் மனைவி ஒரே ஆபீஸ் என்பதால் எப்போதும் அவருக்கு எதிர்ப்பக்கம் தள்ளித்தான் உட்காருவாள். மேட்டுக்கு நேர் மேலே, அவ்வளவு ஆழம் இல்லாமல், சுண்ணாம்புப் பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை, சுண்ணாம்புப் பாறைக்குள் சத்தம் ஓட்டமாக ஓடும், ஓடினால் சீக்கிரம் திரும்பும், சீக்கிரம் திரும்பினால் அதற்குக் கீழே இருக்கிற எல்லாமே மேலே தூக்கினாற்போலத் தெரியும், அறவாழி, நீங்க பாக்குற மேடு கீழே இல்ல, மேலே இருக்குற திட்டோட வேலை அது, என்றார் துரைராஜ். அறவாழி எழுந்து நின்றார். திட்டு மெல்லிசு சார், அவ்வளவு மெல்லிசுத் திட்டு இவ்வளவு பெரிய மேட்டைத் தூக்காது, பாதி பொய்யா இருக்கலாம், பாதி நிஜம். பாதி நிஜம். அந்த இரண்டு வார்த்தையையும் அவர் எத்தனை வருஷம் சொன்னார், குளிக்கப் போகும்போது சொன்னார், குழந்தைக்குச் சாதம் பிசையும்போது சொன்னார். துரைராஜ் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதுக்குக் கிணறு தோண்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், எல்லோரும் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள், இவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை, அவருக்கும் உட்காரத் தோன்றவில்லை. அந்த நிற்றல்தான் அவள் நெஞ்சில் அப்படியே கிடக்கிறது. அதற்குப் பிறகு வேறு எந்த வேலையிலும் அவர் மனது படியவில்லை, வேறு இடத்துத் தகவலைக் கொடுத்தால் பார்ப்பார், முடிப்பார், வீட்டுக்கு வந்து தாழங்காட்டைப் பேசுவார். ஒரு முறை, ஒரே முறை, திட்டு மெல்லிசுன்னு நமக்கு எப்படிங்க தெரியும், அதோட அடிப்பக்கம் அந்தப் பழைய தகவல்ல தெளிவா இல்லையே என்று அவள் கேட்டாள். அவர் தட்டைத் தள்ளவில்லை, கோபிக்கவில்லை, அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மோர் போடு என்றார். அந்தப் பார்வைக்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்து இருந்து அவளுக்கும் தெரிந்துபோயிற்று, திட்டு மெல்லிசு, மேடு பாதி நிஜம், துரைராஜ் பொல்லாதவர். அது தெரிந்ததா, பழகிப்போனதா. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களோடு அவர் சிரித்துக்கொண்டே சொன்னார், லோசனி, அது அங்கதான் இருக்கு, நான் செத்தா எழுந்து ஓடிடாது. அதுதான் அவர் தெளிவாகச் சொன்ன கடைசிப் பேச்சு. பிறகு தண்ணீர் கேட்டார், விசிறியை நிறுத்தச் சொன்னார், அதெல்லாம் பேச்சில் சேர்த்தியா என்று அவளுக்குத் தெரியவில்லை.

இப்போது கையில் இருப்பது புதுத் தகவல். போன வருஷம் அதே தாழங்காட்டில் முன்னைவிட நெருக்கமாகக் கருவிகளை நட்டு, எல்லாப் பக்கத்திலிருந்தும் சத்தத்தைக் கேட்டு எடுத்தது, திட்டின் ஓரத்தில் வேறொரு காரணத்துக்காகக் கிணறும் ஒன்று இறக்கியிருந்தார்கள், அதனால் சுண்ணாம்புப் பாறைக்குள் சத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதை அளந்தே சொல்லிவிட முடிந்தது. காலையில் லோசனி திட்டின் மேல்பக்கத்துக்குக் கோடு போட்டு முடித்தாள். பிறகு அடிப்பக்கம். அடிப்பக்கம் புதுத் தகவலில் பளிச்சென்று இருந்தது, இழுக்க இழுக்க அது இறங்கிக்கொண்டே போயிற்று, மெல்லிசு இல்லை, அவர் சொன்னதைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத கனம், அவள் மவுஸைப் பிடித்திருந்த விரல்கள் சில்லிட்டன, ஏ.சி. அதிகம் என்று நினைத்துக்கொண்டு எழுந்து போய்க் குறைத்துவிட்டு வந்தாள், ஃபாரூக், மேடம், எனக்கு வேர்க்குது என்றான், அவள் மறுபடி போய்க் கூட்டிவைத்தாள். இனி செய்ய வேண்டியது ஒன்றுதான், அளந்த வேகத்தைக் கொடுத்து, நேரமாக இருக்கிற இந்தக் கோடுகளையெல்லாம் ஆழமாக மாற்றச் சொல்ல வேண்டும். சொன்னாள். பச்சைப் பட்டை ஒன்று ஓரத்தில் ஊர ஆரம்பித்தது. அது ஊருகிற வரைக்கும் மேடு இருக்கும். கல்யாணமான புதிதில் தாழங்காட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார், அறுப்பு முடிந்த வயல், தாள் காலில் குத்தியது, ஆரஞ்சு நிற வயர் வரப்பு வரப்பாகத் தாண்டிக் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது, தலையில் துண்டு போட்ட ஓர் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஏன் சார், எங்க நெலத்துக்குள்ள என்னத்த சார் கேக்குறீங்க என்றாள். இவர் தொப்பியைக் கழற்றிவிட்டு, அது என்ன சொல்லுதுன்னுதாம்மா கேக்குறோம் என்றார். என்ன சொல்லுது. இன்னும் ஒண்ணும் சொல்லல. அந்த அம்மா சிரிக்கவில்லை, சொன்னா எங்களுக்கும் சொல்லுங்க, தண்ணி உப்பாயிடப்போவுது என்றாள். பிறகு தூரத்தில் சங்கு ஊதியது, எல்லோரும் அசையாமல் நிற்க வேண்டும், மாட்டைக்கூடப் பிடித்து நிறுத்தினார்கள், காலடியில் தும் என்று ஒரு அடி, உள்ளங்காலில் ஏறி முழங்காலில் போய் நின்றது, அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், உணர்ந்தியா, உணர்ந்தியா என்றார். அவருடைய முகம் வெயிலில் கறுத்து, பல் மட்டும் வெள்ளையாக. அந்த முகம் வருகிறது, குரல் வருவதில்லை, உணர்ந்தியா என்கிற சொல் வருகிறது, அது எழுத்தாகத்தான் வருகிறது. பட்டை முடிந்தது. திரை ஒரு கணம் வெறும் சாம்பல் நிறமாகி, மறுபடி கோடுகளைப் போட்டது. இடது ஓரத்திலிருந்து சலனமில்லாமல் வந்தன. நடுவில் எழும்பவில்லை. அப்படியே, விரித்த பாய் போல, வலது ஓரத்துக்குப் போயின.

தப்பாக எதையோ கொடுத்துவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தாள். வேகத்தைச் சரிபார்த்தாள், சரி. திட்டின் அடிக்கோட்டைச் சரிபார்த்தாள், சரி. வேறொரு குறுக்குவெட்டைத் திறந்தாள், அங்கும் பாய், இன்னொன்று, அங்கும், பழைய நேரப் படத்தைத் திறந்தால் மேடு இருந்தது, ஆழப் படத்துக்கு வந்தால் இல்லை, இருந்தது, இல்லை, இருந்தது, இல்லை, விரல் தானாக இரண்டுக்கும் நடுவே தட்டிக்கொண்டே இருந்தது. பாதி நிஜம். பாதிகூட இல்லை. கைபேசி மேஜையில் நடுங்கியது, மகள் நிறைமதி, புனேயில் பல் மருத்துவம் படிக்கிறாள், அம்மா பாத்துட்டியா என்று கேட்டு அனுப்பியிருந்தாள். அவர் போனபோது அவளுக்குப் பத்து வயது முடியவில்லை. எங்க அப்பா பூமிக்கு அடியில மலை கண்டுபிடிச்சார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொண்டு திரிந்த பெண். லோசனி கைபேசியைக் குப்புற வைத்தாள். குப்புற வைத்தாலும் அந்தக் கேள்வி அதற்குள் வெளிச்சமாக இருந்தது. வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் என்ன. அளந்தது திட்டின் ஓரத்தில்தானே, நடுவில் பாறை அவ்வளவு கெட்டியாக இல்லாமல் இருக்கலாம், ஓட்டை ஓட்டையாக இருக்கலாம், அப்படி இருந்தால் சத்தம் மெதுவாகப் போகும், மெதுவாகப் போனால் தூக்கியது கொஞ்சம்தான், மிச்சம் நிஜம். நியாயமான பேச்சுதான், கூட்டத்தில் யாரும் எழுந்து பொய் என்று சொல்லிவிட முடியாத பேச்சு. குறைத்தாள். பச்சைப் பட்டை ஊர்ந்தது. பாயின் நடுவில் யாரோ அடியில் படுத்திருக்கிற மாதிரி லேசாக ஒரு புடைப்பு வந்தது. இன்னும் கொஞ்சம் குறைத்தாள், புடைப்பு வளர்ந்தது, அவரே வந்துகொண்டிருந்தார், சட்டியின் முதுகு, அந்த வலது பக்கச் சரிவு, அதை அவர் காற்றில் கையால் வரைந்து காட்டுவார், மணிக்கட்டைத் திருப்பி, இப்படி இறங்குது பாரு என்று. இன்னும் கொஞ்சம். அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. பொய் சொல்லப்போகிறோம் என்பதால் வந்த பயம் இல்லை அது, எவ்வளவு சுலபமாக இருக்கிறது என்பதால் வந்தது, ஒரு எண், அதைக் குறைக்கக் குறைக்க அவர் எழுந்து உட்காருகிறார், கூட்டினால் படுத்துக்கொள்கிறார். நடுவில் ஓட்டை ஓட்டையாக இருக்கலாம் சார். இது யார் சொன்னது. அவர் சொன்னது. அன்றைக்கு நின்றுகொண்டே கடைசியாக அதைத்தான் சொன்னார். அவள் அப்போது கடைசி நாற்காலியிலிருந்து அவரைப் பார்த்தபோது அவர் முகத்தில் என்ன இருந்தது என்று இத்தனை வருஷமாக அவமானம் என்றே நினைத்திருந்தாள், இப்போது இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தால் அது வேறு மாதிரித் தெரிகிறது, அவருக்கே தெரிந்திருக்குமோ, நிற்கும்போதே தெரிந்துபோய் உட்கார முடியாமல் நின்றாரோ. வேண்டாம். அதை இனி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. தெரிந்துகொள்ள முடியாததை வைத்துக்கொண்டு தாழங்காட்டில் யாருடைய நிலத்திலோ கிணறு இறக்குவார்கள், வயலுக்குள் ரோடு போடுவார்கள், லாரி வரும், கிணறு இறங்கி இறங்கிப் போய் வெறும் பாறையில் நிற்கும், அந்தத் துண்டு போட்ட அம்மா இருக்கிறாளோ இல்லையோ. ஃபாரூக் டீ சொல்லவா மேடம் என்றான். சொல்லுப்பா என்றாள். வேகத்தை அளந்த எண்ணுக்கே திருப்பிவைத்தாள். மேடாகத் தெரிந்த அந்த அடுக்கின் மேல் கோடு போட வேண்டும், கம்ப்யூட்டரே போட்டுவிடும், ஒரு இடத்தில் தொட்டுவிட்டால் அதுவே பிடித்துக்கொண்டு ஓடும், அவள் அதை விடவில்லை, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு புள்ளியாகத் தானே வைத்துக்கொண்டு வந்தாள், நடு வந்தபோது கை தன்னாலே மேலே ஏறப்பார்த்தது, இருபது வருஷமாக ஏறிப் பழகிய கை, அதை இறக்கி, இறக்கி, நேராகக் கொண்டுபோனாள். டீ ஆறி ஆடை படிந்திருந்தது. அதையே குடித்தாள்.

மீட்டிங் அறையில் நாலைந்து பேர்தான். துரைராஜ் சாருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, ஓய்வுபெற இன்னும் கொஞ்ச மாதம்தான், கோடியில் உட்கார்ந்திருந்தார். லோசனி நின்றுகொண்டு படத்தைப் போட்டாள். திட்டின் கனத்தைச் சொன்னாள், அளந்த வேகத்தைச் சொன்னாள், மேடு இல்லை என்றாள். அந்தச் சொல் அவள் நினைத்ததைவிடச் சின்னதாக வெளியே வந்தது. அவர் கண்ணாடியைத் துடைக்கப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள், அவர் துடைக்கவில்லை.

"வேகத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாத்தீங்களாம்மா?" என்றார்.

"பாத்தேன் சார்."

"என்ன ஆச்சு?"

"கொஞ்சம் எழும்புது."

"நடுவுல பாறை இளக்கமா இருக்கலாமில்ல. அப்படியும் சொல்லலாம்."

அவர் கதவைத் திறந்துவைக்கிறார் என்பது அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. இந்த மனிதர். இவரை வெறுத்துத்தான் அவள் எத்தனையோ காலைகளில் எழுந்து பஸ் ஏறி இங்கே வந்திருக்கிறாள்.

"சொல்லலாம் சார். ஆனா குறைக்கிறதுக்குக் காரணம் ஒண்ணும் இல்ல, எனக்கு அது வேணுங்கிறதைத் தவிர."

அவர் தலையை ஆட்டினார். மற்றவர்கள் மேஜையைப் பார்த்தார்கள். அடுத்த விஷயம் வந்தது. லோசனி தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தாள், உட்கார்ந்துவிட்டோம் என்று தோன்றியபோது கண்ணில் நீர் முட்டியது, குனிந்து பையில் எதையோ தேடினாள். முடிந்து எல்லோரும் வெளியே வந்தபோது நடைபாதையில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார், அவளுக்காகத்தான்.

"அறவாழி மேல எனக்குக் கோபம் கிடையாதும்மா. இங்க இருந்தவங்கள்ல அந்தப் பயல் ஒருத்தன்தான் என்னை எதிர்த்துப் பேசுவான்." லிஃப்ட் வந்து திறந்து மூடிப் போயிற்று. "இன்னைக்கு நீங்க மேடு இருக்குன்னு சொல்லுவீங்கன்னுதான் வந்தேன். சொன்னா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடலாம்னு இருந்தேன்."

அவரை ஏசக்கூட அவளிடம் எதுவும் மிச்சமில்லை. இத்தனை வருஷம் ஊன்றிக்கொண்டு நின்ற அந்த வெறுப்பும் மேட்டோடு போய்விட்டது, காலுக்கடியில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது, படியில்தான் இறங்கினாள், ஒவ்வொரு படியாக, சுவரைத் தொட்டுக்கொண்டு.

வெளியே மழை பெய்து ஓய்ந்திருந்தது போலும், தார் ரோடு ஆவி விட்டுக்கொண்டிருந்தது, பஸ் ஸ்டாப்பில் பெஞ்சு ஈரம். நின்றபடியே மகளைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இருக்காம்மா?"

"இல்ல மதி."

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம், ஹாஸ்டலாக இருக்கும். பிறகு கதவு சாத்துகிற சத்தம்.

"அப்ப அப்பா தப்பாப் பாத்துட்டாரா?"

"அன்னைக்கு இருந்ததை வச்சுப் பாத்தா அப்படித்தான் தெரியும். யார் பாத்தாலும்." அதோடு நிறுத்திக்கொள்ளலாம். "ஆனா இல்லடா. அது இல்ல."

நிறைமதி மூக்கை உறிஞ்சினாள். அழுகிறாள் என்று நினைத்து லோசனி என்னென்னவோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள், "எனக்கு அது இருக்கணும்னெல்லாம் இல்லம்மா. நீ எப்பவும் அதையே பேசிட்டிருப்பே. இல்லாம போச்சுன்னா நீ என்ன செய்வியோன்னுதான் பயமா இருந்துச்சு" என்றாள்.

பஸ் ஒன்று வந்தது, அவளுடையது இல்லை, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று. இத்தனை நாள் அந்த மேட்டைப் பெண்ணுக்காக என்று நினைத்துச் சுமந்திருந்தாள். பெண் இவளுக்காகச் சுமந்திருக்கிறாள். குழந்தை.

"அம்மா. இருக்கியா?"

"இருக்கேன்."

"அப்பாவப் பத்தி வேற ஏதாவது சொல்லேன்."

வேறு. லோசனி தேடினாள். துரைராஜ் கையெழுத்துப் போடாத நாள், அதற்கு முந்தின நாள், அதற்குப் பிந்தின நாள், எங்கே தொட்டாலும் தாழங்காடுதான் வந்தது, பதினான்கு வருஷம் கூட இருந்த மனிதரிடம் வேறு ஒன்றுமே இல்லாமலா போயிற்று. போன் காதில் சுட்டது. ஈரக் காற்று வீசியது. ரோட்டில் ஒருவன் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டரில் போனான்.

"உங்கப்பா ஸ்கூட்டர்ல போறப்ப பாடுவாரு" என்றாள்.

"அப்பாவா? பாடுவாரா?"

"வீட்டுல பாட மாட்டாரு. வெக்கம். வண்டி வேகம் எடுத்தப்புறம்தான். யாருக்கும் கேக்காதில்ல."

"என்ன பாட்டும்மா?"

"தெரியாதுடா. காத்து அடிக்கிறதுல எனக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. முதுகுல கன்னத்தை வச்சிருப்பேன். உள்ள அதிரும். அதை வச்சுத்தான் பாடுறாருன்னு தெரியும்."